தொட்டுட்டு உள்ள போ

"ஏலே, சூடு எதுவும் காட்டிராத! உயிர் போயிரும்!"

ஷெட் வாசலில் காரை விட்டு இறங்கும்போதே சங்கரபாண்டியன் அண்ணாச்சி கத்தினார். மெக்கானிக் முனியராஜ் கையில் இருந்ததோ வெறும் டீ கிளாஸ்.

அண்ணாச்சி பட்டாசுக் கம்பெனி முதலாளி. இருபத்தைந்து வருஷத்துச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருப்பவர். இன்று அதன் இடது பின் விளக்கு ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. விளக்கைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் காதுகள் மூன்றும் விரிசல் விட்டிருந்தன.

"புதுசு கிடைக்காதுலே. இந்த மாடலையே நிறுத்திட்டான். நாளைக்குக் கொடைக்கானல்ல பழைய கார் வச்சிருக்கவுக எல்லாம் கூடுதோம். இன்னைக்கே ஒட்டிக் குடுத்துரணும்."

"சூடு வச்சு உருக்கினா அரை மணி நேர வேலை அண்ணாச்சி."

"அதான் வேணாங்கேன். போன வாரம் டிக்கியில சாம்பிள் வெடிமருந்து கொண்டுபோனேன். பொட்டலம் கிழிஞ்சு கொட்டிருச்சு."

முனியராஜ் குனிந்து பார்த்தார். விரிசல்களுக்குள்ளும் நட்டுகளைச் சுற்றியும் வெள்ளிச் சாம்பலாக ஒரு பொடி. பட்டாசு ஊரான விஸ்வநத்தத்தில் பிறந்தவருக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் உரசினாலே போதும்.

"என்னால ஆகாது அண்ணாச்சி. வேற ஆளைப் பாருங்க."

"உன்னை அப்படியே சாகவா விடுவேன்? உனக்கு ஒண்ணுன்னா உன் வீட்டுக்காரிக்கு நான்லலே பதில் சொல்லணும்?"

அண்ணாச்சி முன் சீட்டிலிருந்து ஒரு செப்புத் தகட்டை எடுத்தார். அதன் மூலையில் நீளமாக ஒரு எர்த் கம்பி.

முனியராஜுக்கு அது தெரிந்த பொருள்தான். பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூம் வாசலில் மாட்டியிருப்பார்கள். உடம்பில் ஏறி நிற்கும் கரண்ட் ஒரு பொறியாகத் தெறித்தால் ரூமே இருக்காது. தகட்டைத் தொட்டு அதை மண்ணுக்குள் இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள்.

"கம்பியை ஈர மண்ணுல புதை. ஒவ்வொரு தடவையும் இதைத் தொட்டுட்டுத்தான் காரைத் தொடணும். செருப்பைக் கழட்டு. போனைத் தூரமா வை."

முனியராஜ் நெகிழ்ந்துபோனார். ஒரு மெக்கானிக் உயிருக்கு இவ்வளவு மெனக்கெட எந்த முதலாளிக்கு மனசு வரும்? தகட்டின் ஓரத்தில் மங்கலாக மஞ்சளும் குங்குமமும் வேறு. ஆயுதபூஜைக்கு வைத்ததாக இருக்கும். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"என் வீட்டுக்காரி மாரிசெல்வியும் உங்க கம்பெனியிலதான் மருந்து அடைக்கா அண்ணாச்சி. தெனமும் காலையில 'தகட்டைத் தொட்டுட்டு உள்ள போ'ன்னு சொல்லித்தான் அனுப்புவேன். சொல்லாம விட்டா அன்னைக்கு எனக்கு வேலையே ஓடாது."

அண்ணாச்சி வாட்ச்சைப் பார்த்தார்.

"நல்ல பழக்கம். நம்ம கம்பெனியில பாதுகாப்பெல்லாம் பக்காவா இருக்கும். நீ வேலையைப் பாரு."

சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய்க் கருவேல மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

முனியராஜ் தகட்டைத் தொட்டார். பொடியை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, துணியைத் தண்ணீர் வாளிக்குள் போட்டார். மறுபடி தகட்டைத் தொட்டார். நட்டுகளில் எண்ணெய் விட்டார்.

முதல் நட்டு துருப்பிடித்திருந்தது. ஸ்பேனரைத் திருப்பியதும் 'கிரீச்' என்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். மாரிசெல்வி முகம்தான் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. இதையா இவள் தினமும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தபடி மறுபடி தகட்டைத் தொட்டார்.

விளக்கு கழன்று வருவதற்குள் தகட்டை முப்பது தடவையாவது தொட்டிருப்பார்.

அதன்பிறகு பயமில்லை. கழுவினார், காயவைத்தார். பழைய பம்பர் துண்டை வெட்டி முட்டுக்கொடுத்து, பசை போட்டு மூன்று காதுகளையும் ஒட்டினார். மூன்றரை மணிக்கு விளக்கு அதன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"அண்ணாச்சி, வந்து பிரேக்கை மிதிச்சுப் பாருங்க!"

"நீயே மிதிலே! நான் இங்கன இருந்து பாத்துக்கிடுதேன்!"

முனியராஜ் மிதித்தார். விளக்கு சிவப்பாக எரிந்தது. அதற்கப்புறம்தான் அண்ணாச்சி ரோட்டைத் தாண்டினார்.

"தகடு இங்கனயே இருக்கட்டும். கொடைக்கானல் போயிட்டு வந்து வாங்கிக்கிடுதேன்."

கார் போய்விட்டது.

சாயங்காலம் வேலை முடிந்து மாரிசெல்வி ஷெட்டுக்கு வந்தாள். முனியராஜ் ஒன்று விடாமல் சொன்னார்.

"உங்க மொதலாளி மாதிரி ஒரு மனுசனைப் பாக்க முடியாது புள்ள. எனக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னு தகட்டையே கொண்டுவந்துட்டாருன்னா பாரேன்!"

மாரிசெல்வி தகட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓரத்திலிருந்த குங்குமத்தைத் தடவிப் பார்த்தாள். அவள் விரல் இடுக்கெல்லாம் அதே வெள்ளிச் சாம்பல்.

"இது நான் வச்ச பொட்டுங்க."

"என்னது?"

"எங்க ரூம் வாசல்ல இருந்த தகடு இது. காலையில நாங்க போறப்பவே ஃபோர்மேன் கழட்டிக்கிட்டு இருந்தாரு. 'மொதலாளிக்கு அவசரமா வேணுமாம், திரும்பி வார வரைக்கும் வெறுஞ் சுவத்தைத் தொட்டுட்டு உள்ள போங்க'ன்னுட்டாரு."