குறுக்கே நீண்ட கை

கை குறுக்கே நீண்டது.

விரல்களுக்கிடையே கிழித்த டிக்கெட்டுகள். மணிக்கட்டில் சாமிக் கயிறு.

"பாப்பா, நீ நில்லு. இது ஏ படம். பதினெட்டு ஆகியிருக்கணும்."

அவள் நின்றாள்.

முன்னால் போன நிரோஷாவை அந்தக் கை தடுக்கவில்லை. டிக்கெட் கிழிப்பவரின் கண் நிரோஷாவின் கழுத்துக்குப் போனது. மஞ்சள் கயிறு இருந்தது. "நீ போம்மா" என்று வழி விட்டார்.

நிரோஷாவும் அவளும் இரட்டையர்.

ஒரே முகம். ஒரே பதினாறு. பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு.

வைகாசியில் நிரோஷாவுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். ஆடிக்கு வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். இன்றோடு ஆடி முடிந்தது. படம் விட்டதும் மாலை பஸ்ஸில் முனிராஜ் தன் மனைவியைத் திரும்பக் கூட்டிப்போகிறான். நிரோஷாவின் துணிப்பை கூடப் பிறந்தவளின் தோளில்தான் தொங்கியது.

முனிராஜ் உள்ளேயிருந்து திரும்பி வந்தான். கிருதாவில் நரை.

"நம்ம கொழுந்தியாதாங்க. எங்க கூடத்தான் வர்றா. விடுங்கண்ணா."

"யாரா இருந்தாலும் ஆகாது தம்பி. போன வாரம் சின்னப் பசங்க உக்காந்திருந்ததை ஒருத்தன் வீடியோ எடுத்துப் போட்டுட்டான். ஓனருக்கு நோட்டீஸ் வந்திருக்கு. கழுத்தறுக்கிற சீனெல்லாம் இருக்குப்பா. பிஞ்சு மனசு, பயந்துக்கும். ராத்திரி தூங்காது."

பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"வீட்டுக்குப் போயி கார்ட்டூன் பாரு பாப்பா."

ராத்திரி தூங்காது.

ஆடி மாதம் முழுக்க நிரோஷா விளக்கை அணைக்க விடவில்லை. கதவுப் பக்கமே பார்த்துப் படுத்திருந்தாள். தொட்டு எழுப்பினால் கையைத் தட்டிவிட்டு, யாரென்று தெரிந்த பிறகு அழுதாள். "புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்றாள் அம்மா.

வெளியே நின்றவள் சுற்றிப் பார்த்தாள்.

சுவரொட்டியில் வட்டத்துக்குள் அந்த ஓர் எழுத்து. கவுண்டருக்கு மேலே சிவப்பில் அறிவிப்பு. வாசலில் ஓர் ஆள். உள்ளே ஓடப்போவது சாய ரத்தம், அட்டைக் கத்தி. அதற்கு இத்தனை காவல்.

கல்யாணத்தன்று மண்டபக்காரர் வயதைக் கேட்கவில்லை. மேளக்காரர் கேட்கவில்லை. போட்டோக்காரர் கேட்டது, "கொஞ்சம் சிரிம்மா" என்பதுதான். மொய் வைத்தவர்கள், பந்தியில் இரண்டாம் முறை ரசம் வாங்கியவர்கள், குழந்தைகளைத் தூக்கி மணப்பெண்ணைக் காட்டியவர்கள். எல்லோருக்கும் கண் இருந்தது.

ஒரு கை நீளவில்லை.

உள்ளே படம் தொடங்கும் சத்தம்.

"சரி, நீ இங்கயே முறுக்கு வாங்கித் தின்னுட்டு உக்காந்திரு" என்றான் முனிராஜ். நிரோஷாவின் முழங்கையைப் பிடித்தான். "வா, பேர் போடுறான்."

நிரோஷா அசையவில்லை. துணிப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிரோஷாவுக்கும் பதினாறுதாங்கண்ணா" என்றாள் அவள். வரிசை முழுக்கக் கேட்டது. "எங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் பாருங்க."

டிக்கெட் கிழிப்பவர் பார்த்தார். ஒரு முகத்தை. பிறகு அதே முகத்தை.

"அது கல்யாணமான பொண்ணும்மா."

"அதனால பயப்பட மாட்டாளா?"

 

வரிசையின் கடைசியில் ஒருவர் கத்தினார்: "யோவ், படம் போட்டாச்சு! பஞ்சாயத்தை இன்டர்வெல்ல வச்சுக்குங்கய்யா!"

சிலர் சிரித்தார்கள்.

நிரோஷா முழங்கையை உருவிக்கொண்டாள்.

மஞ்சள் கயிற்றை எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். பள்ளி விட்டதும் அடையாள அட்டையை உள்ளே தள்ளுவாளே, அப்படி.

"அப்ப எனக்கும் ஆகாதுதானே?" என்று டிக்கெட் கிழிப்பவரிடம் கேட்டாள்.

 நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

நிரோஷா குனிந்து, அதற்கு அடியில் நுழைந்து, இந்தப் பக்கம் வந்தாள்.

"ஏய். இங்க வாடி."

முனிராஜ் வேகமாக வந்தான். கை இப்போது அவன் நெஞ்சுக்குக் குறுக்கே இருந்தது. டிக்கெட் கிழிப்பவரைப் பார்த்தான். "எடுங்கண்ணா. இது எங்க குடும்ப விஷயம்."

அவருடைய தோள் தளர்வது தெரிந்தது.

அவள் துணிப்பையை இறுக்கிப் பிடித்தாள்.

"கையை இறக்கிடாதீங்கண்ணா" என்றாள்.