மூன்று செகண்டு முகம்

ஒரு வீடியோ கேமை வைத்து எடுத்த சண்டைப்படத் தொடரின் மூன்றாவது படம் ஓடுகிறது. ஊதா முகமூடிக்காரன் உதைக்கிற உதையில் தியேட்டர் கூரையே ஓரடி எழும்பி உட்காருகிறது. அந்த முகமூடிக்குள் இருப்பவர், எட்டாவது வரிசையில் நாற்காலிக் கைப்பிடியை நெரித்துக்கொண்டிருக்கும் ஸ்டண்ட்காரர். மாப்பிள்ளை சினிமாவில் இருப்பதைக் கல்யாண நாளிலிருந்து நம்பாத மாமியார் பக்கத்தில். "இப்ப கழட்டுவேன் அத்தை. மூணு செகண்டு என் முகம்தான், பாருங்க." திரையில் முகமூடி கழல்கிறது. உள்ளே, பல்லை இளித்துக்கொண்டு ஒரு மண்டை ஓடு. கேமில் இருப்பதுபோலவே கம்ப்யூட்டரில் மாற்றிவிட்டார்கள். இவரிடம் யாரும் சொல்லவில்லை. விசில் காதைக் கிழிக்கிறது. மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்க்கிறார், பிறகு அடுத்த நாற்காலியில் இருக்கும் மகள் பக்கம் சாய்கிறார். "ஏண்டி, மாப்பிள்ளைக்குச் சாப்பாடு போடுறியா இல்லையா?"