பிலோமினாவின் சுருதி

மீன் ஏலக்கூடத்துக் கச்சேரிக்கு நிரஞ்சனா தம்புரா கொண்டுவருவதில்லை. கூடியிருக்கும் சனமே வாய்மூடி 'ம்ம்ம்' என்று இழுத்துச் சுருதி கொடுக்கும், அவள் பாடுவாள். வருடாவருடம் மீன்காரி பிலோமினாவின் 'ம்ம்ம்' மட்டும் ஓர் இழை இறங்கியே கேட்கும். நிரஞ்சனா சிரித்துக்கொண்டே மைக்கை அவளிடமிருந்து தள்ளி வைப்பாள்.

"கூவிக் கூவி வித்த தொண்டை தாயி, மேல ஏறாது" என்பாள் பிலோமினா.

அவளை அடக்கம் செய்தபின் நடக்கும் முதல் கச்சேரி இது. சனம் சுருதி பிடித்தது. கூடம் முழுக்க அதே ஓர் இழை இறங்கி நின்றது.

"கொஞ்சம் மேல ஏத்துங்களேன்" என்றாள் நிரஞ்சனா.

"எங்களுக்கும் ஏறலம்மா" என்றார் ஏலம் கூறும் சூசை.

நிரஞ்சனா தன் குரலை இறக்கிக்கொண்டாள். பாடியபடியே எழுந்து, மைக்கைத் தூக்கிப்போய், பிலோமினா வழக்கமாக உட்காரும் தூணடியில் வைத்தாள்.