பல்லி படித்த கடைசி வரி

டிவிக்கு மேலே சுவரில் ஒரு பல்லி குடியிருந்தது. அந்த வீட்டு அக்கா அனிமே என்னும் ஜப்பான் கார்ட்டூன் படங்களை ஜப்பான் குரலிலேயே, கீழே தமிழ் எழுத்து ஓடவிட்டுப் பார்ப்பாள். கூடவே பார்த்துப் பார்த்துப் பல்லிக்கும் தமிழ் படிக்க வந்துவிட்டது. தங்கைக்குத் தமிழ் டப்பிங்தான். அவள் பார்க்கும்போது மட்டும் சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு சுண்டெலி வந்து உட்காரும். அதற்கு எழுத்து தெரியாது.

அன்று தங்கை புதிதாக ஒன்றைப் போட்டாள். பெரிய கண், நீல முடி, கையில் வாள். போருக்குக் கிளம்பிய வீரன், "அம்மா, போயிட்டு வர்றேன்" என்றதும் சுண்டெலி தேம்பித் தேம்பி அழுதது.

"இதுக்கா அழுவுற?" என்றது பல்லி. "வாய் ஒரு பக்கம் போகுது, குரல் ஒரு பக்கம் போகுது. ஜப்பான் குரல்ல கேட்டாத்தான் உயிர் இருக்கும். டப்பிங்னாலே சக்கை."

"எனக்கு நல்லாத்தான்ணே இருந்துச்சு" என்று சுண்டெலி கூச்சத்தோடு முனகியது.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. பல்லி தலையைத் தொங்கவிட்டுப் படித்தது. கதை, தென்காசி முப்பிடாதி. ஓவியம், கோவில்பட்டிக்காரர்கள். கடைசி வரியில், 'தமிழில் எடுக்கப்பட்டது. ஜப்பானிய டப்பிங் விரைவில்' என்றிருந்தது. பல்லி அதை இரண்டு தடவை படித்தது.

"என்னண்ணே போட்டிருக்கு?"

"எல்லாம் ஜப்பான்காரன் பேரு. உன் வாயில நுழையாது."

சுண்டெலி கண்ணைத் துடைத்துக்கொண்டது. "சரிண்ணே, இனிமே நானும் ஜப்பான் குரல்லயே பார்க்கிறேன். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே, நீங்க பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொண்ணா தமிழ்ல பேசிக்கிட்டே வாங்க."