கழற்றிய கதவு

டங்... டங்... டங்...

சுஹறாவின் கையிலிருந்த சுளகு நின்றது. எட்டிப் பார்த்தாள். மிஹ்லாரின் அறைக் கதவை மேசன் நிலையோடு கழற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் கல் அடுக்கியிருந்தது.

"என்ன தம்பி இது?"

"வாசலை அடைக்கட்டாம். அப்ராஸ் காக்காதான் சொன்னாரு."

கதவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

அப்ராஸ், இளைய மகள் றஸ்னாவின் மாப்பிள்ளை. இந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மிஹ்லார் மூத்த மருமகன். மூத்தவள் மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகும் மாமியை விட்டுப் போக மனமில்லாமல் இங்கேயே இருந்துவிட்டவன். விடியச் சந்தையில் மீன் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவான்.

பின்வேலிக்கு மேலால் றாஹிலா தலையை நீட்டினாள்.

"என்னகா, புது மாப்பிள்ள வந்த கையோட பழைய மாப்பிள்ளைக்குக் கல்லுக் கட்டுறாரா?"

"உன்ட வேலையப் பாருகா."

சொல்லிவிட்டு சுஹறா உள்ளே மகளிடம் போனாள்.

"றஸ்னா, நீயாவது கேளன் புள்ள."

றஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. இனி சுஹறா எந்த வாயால் கேட்பது?

அசர் தொழுகைக்குப் பிறகு மிஹ்லார் வந்தான். றஸ்னாவுக்குக் கலியாணம் முடிந்ததிலிருந்து அவன் பின்வாசலால்தான் வருகிறான். தன் அறை வாசல் இருந்த இடத்தில் ஈரச் சாந்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உடுப்பை எடுக்கவாவது ஒரு ஓட்டை விட்டிருக்கலாம் மாமி." சிரிக்கப் பார்த்தான்.

"மனே..."

"அவர்ல பிழையில்ல. புதுசா முடிச்ச புள்ளைகள் இருக்கிற வீட்டுல நான் குறுக்க நெடுக்கத் திரிய ஏலுமா? ஊரும் கதைக்குது. இறக்காமத்துல என்ட கூடப்பிறந்த ராத்தா வீட்ட போறன்."

சுஹறா சுளகிலிருந்து அவன் பங்கான ஒரு சுண்டு அரிசியை அள்ளி மூடைக்குள் திருப்பிப் போட்டாள். பாதி வெளியே சிந்தியது.

அப்ராஸ் உள்ளே வந்தான். உடுத்திருந்த சாரமெல்லாம் சீமெந்து.

"போறதெண்டா இதையும் கொண்டு போங்க காக்கா."

கையை நீட்டினான். சாவி வளையத்தில் ஒரு திறப்பு.

"என்னத்துட?"

"உங்கட அறையிடதான். அந்தக் கதவை றோட்டுப் பக்கம் போட்டிரிக்கன். இனி உங்களுக்குத் தனி வாசல். ஊர் என்னத்தக் கதைக்கும் எண்டு பாப்பம்."

"தம்பி, ஒரு வார்த்தை முதல்ல..."

"சொல்லியிருந்தா வேணாமெண்டு எப்பயோ போயிருப்பீங்க." பார்வையை வேறு பக்கம் திருப்பினான். "எனக்கு மீன் பாத்து வாங்கவும் தெரியா."

மிஹ்லார் திறப்பை வாங்கிக்கொண்டான்.

சுஹறா சிந்தியதைக் கூட்டியெடுத்தாள். மூடையிலிருந்து ஒரு சுண்டு அரிசியை மறுபடியும் அள்ளிச் சுளகில் போட்டு, புடைக்கத் தொடங்கினாள்.