தம்பதி லைசென்ஸ்

கேட்காமல் இருந்தால் போதும் என்று சோல்வே நினைத்துக்கொண்டாள். வரிசையில் அவளுக்கு முன்னால் இன்னும் மூன்று பேர்தான். தூண்டில் கடைக்காரி லவோன், வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் முதலில் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீ அம்மாவா, கண்ணு?”

ஆமாம் என்றவர்களிடம் ஒரு புழு டப்பாவைக் கொடுத்து அனுப்பினாள். மினசோட்டாவில் நாளை சனிக்கிழமை மீன்பிடி சீசன் திறக்கிறது. மறுநாள் அன்னையர் தினம். அந்த இரண்டு நாளும் அம்மாக்கள் லைசென்ஸ் இல்லாமலே தூண்டில் போடலாம்.

வழக்கமாக சோல்வேயின் கணவன் வெர்லின் மார்ச் மாதமே இணையத்தில் லைசென்ஸ் எடுத்துவிடுவான். வருஷத்தில் இந்த இரண்டு நாள்தான் அவர்கள் படகை இறக்குவது. இந்த முறை மறந்துபோனான்.

“அப்பாக்களுக்கு எப்ப இலவசம், லவோன்?” என்றான் பின்னால் நின்ற ஒருவன்.

“பத்து மாசம் சுமந்துட்டு வா. தர்றேன்.”

வரிசை சிரித்தது. அவள் பக்கத்தில் நின்ற வெர்லின்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். சோல்வே கண்ணாடித் தொட்டியைப் பார்த்தபடி நின்றாள். அங்கே சிறுமீன்கள் ஒரே மூலையில் போய் முட்டிக்கொண்டிருந்தன.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். முதல் மூன்று வருஷங்கள் இருவரும் எதிர்பார்த்தார்கள். பிறகு அவள் மட்டும் டாக்டரிடம் போனாள். அவர் கதவைச் சாத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவள் ‘ஆமாம்’ என்றதை எழுதிக்கொண்டு, அடுத்த முறை கணவரை அழைத்து வரச் சொன்னார்.

“எங்க வீட்டுல ஆளுக்கு நாலு, அஞ்சு. எனக்கு எதுக்கு டெஸ்ட்டு?” என்றுவிட்டான் வெர்லின். அவளும் வற்புறுத்தவில்லை.

அதற்குப் பிறகு அவன் வீட்டார் அவளிடம் மெல்லிய குரலில் பேசப் பழகிக்கொண்டார்கள். அன்னையர் தினத்தன்று தேவாலய வாசலில் பெண்களுக்குப் பூக் கொடுப்பவர், அவள் முறை வந்ததும் ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் நீட்டுவார். அந்த ஒரு நொடிக்காக அவள் வருஷம் முழுக்கப் பயந்தாள்.

வெர்லின் நல்லவன். ஒருநாளும் அவளைக் குத்திக்காட்டியதில்லை, அவளுக்காக வருத்தப்பட்டான். அந்த வருத்தத்தின் மேல்தான் அவர்கள் வீடு நின்றது. இன்றைக்கும் ‘இல்லை’ என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் பழையபடியே இருக்கும். அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் மனம் வரவில்லை.

முன்னால் நின்ற சிவப்புத் தொப்பிப் பெண்மணி லவோனிடம் குனிந்தாள். “என் மகன் அலாஸ்கா போயி ஆறு வருஷமாச்சு. ஒரு போன்கூடக் கிடையாது. நானெல்லாம் இதுல சேர்த்தியா?”

“அவன் எங்க இருந்தா என்ன, பேசினா என்ன, பேசாட்டி என்ன? பெத்தவ பெத்தவதான்” என்றாள் லவோன். “போ. போயிப் பெரிசா ஒண்ணு புடி.”

அந்தப் பெண்மணி புழு டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனாள். சோல்வே அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நம்ம முறைதான்” என்று வெர்லின் அவள் தோளைத் தொட்டான்.

லவோன் நிமிர்ந்தாள். “நீ அம்மாவா, கண்ணு?”

வெர்லின் முந்திக்கொண்டான். “இல்ல லவோன். இவளுக்கு அந்தக் குடுப்பினை இல்ல. நாங்க பணம் கட்டித்தான் புடிக்கணும்.”

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். ஆனால் கடை சின்னது. பின்னால் பேச்சு நின்றுபோனது.

லவோன் சட்டென்று கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அதனாலென்ன, தம்பதி லைசென்ஸா எடுத்துக்கோங்க. தனித்தனியா எடுத்தா ஆளுக்கு இருபத்தஞ்சு டாலர். ஜோடிக்குன்னா நாப்பதுதான். ரெண்டு பேரும் ரெண்டு மாசமாவது இந்த மாநிலத்துல குடியிருந்திருக்கணும், அவ்வளவுதான்.”

“பொறந்ததுலேருந்து இங்கதான் கெடக்கோம்” என்று வெர்லின் தன் அடையாள அட்டையை வைத்தான். இறுகிப்போன கடையைச் சிரிக்க வைக்க நினைத்தான். “இவதான் பதினேழு வயசுல ஒரு குளிர்காலம் முழுக்க பக்கத்து மாநிலம் அயோவாவுல அத்தை வீட்டுல இருந்தா. அதுக்குத் தனியா எதுவும் கட்டணுமா?”

யாரோ ஒருவர் சிரித்தார். லவோனும் பாவம் பார்த்துச் சிரித்துவைத்தாள்.

“உன் அட்டையைக் குடு, சோல்வே.” வெர்லின் கையை நீட்டினான்.

அவள் கைப்பையைத் திறந்தாள். அட்டை மேலாகவே இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையை மூடி, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“உனக்கு மட்டும் எடு, வெர்லின். நாளைக்கு நானும் மீன் புடிக்க வர்றேன்” என்றாள் மெதுவாக. “எனக்கு லைசென்ஸ் தேவையில்ல.”