மண் படாத சட்டை

“உங்க பிள்ளைங்கதான் ஜெயிச்சிருக்காங்க டீச்சர்,” என்று சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள்.

ஜெயித்த செய்தியைச் சொல்லி இப்படி அழுகிறவளை நான் பார்த்ததே இல்லை. ஐந்தாம் வகுப்பு மொத்தமும் எழுதுவதை நிறுத்திவிட்டு வாய் பிளந்து பார்த்தது.

அவள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் ஆராய்ச்சி செய்கிறவள். பருவத்துக்கு ஒரு தடவை கேள்வித்தாள் கட்டோடு வருவாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கேள்வியக்கா.

எங்கள் பள்ளிக்கும் பக்கத்துப் பள்ளிக்கும் நடுவில் ஒரு காலி மனை. மூன்று வருடத்துக்கு முன் அவள் அதில் தோட்டம் போட்டு, பக்கத்துப் பள்ளிக்குக் கொடுத்தாள். அந்தப் பிள்ளைகள் மண்ணைத் தொட்டுப் படிக்க வேண்டும். எங்களுக்குப் புத்தகம் மட்டும். எந்தப் பிள்ளைகளுக்கு உயிரியல் நன்றாக வருகிறது என்று கடைசியில் ஒப்பிட்டுப் பார்ப்பாள்.

தோட்டப் பள்ளி ஜெயித்தால், இனி கட்டப்போகும் குடியிருப்புகளில் பள்ளிக்கு ஒரு தோட்டம் என்று நகரத் திட்டக் குழு ஒத்துக்கொண்டிருந்தது. தோற்றால் இந்த மனையும் கார் நிறுத்துமிடம். கூட்டம் நாளைக் காலை பத்து மணிக்கு.

“நீங்க எண்பத்தொண்ணு. அவங்க அம்பத்திரண்டு,” என்று மூக்கை உறிஞ்சினாள். “தோட்டத்தால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு என் கையாலயே எழுதிக் கொடுக்கணும்.”

என் வகுப்பு எண்பத்தொன்று வாங்கியிருக்கிறது. நான் மார்தட்டிக்கொள்ள வேண்டிய நேரம். நானோ அவள் முகத்தைப் பார்க்காமல் கரும்பலகையைத் துடைத்தேன்.

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் முன் பெஞ்சு வாயாடி எழுந்து நின்றுவிட்டாள்.

“அக்கா, கார் நிறுத்தினா எங்க மண்புழுவெல்லாம் எங்க போகும்?”

கேள்வியக்காவின் அழுகை பட்டென்று நின்றது. வாயாடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? சொல்லிவிட்டேன்.

பக்கத்துப் பள்ளி மதியம் ஒரு மணிக்கே விட்டுவிடும். எங்களுக்கு நாலு மணி வரை. பின்சுவரில் ஒரு பிள்ளை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. அதை என் அளவுக்கு ஆக்க ஒரு வாரம் பிடித்தது, அது வேறு விஷயம். ஒரே ஒரு நாள் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் கூட்டிப்போனேன். அவரை விதை மண்ணை முட்டிக்கொண்டு வருவதைப் பார்த்த பிள்ளைகளை மறுநாள் புத்தகத்து விதைப் படத்தின் முன் உட்கார வைக்க முடியுமா? முடிந்தால் நீங்கள் வந்து உட்கார வைத்துக் காட்டுங்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து தினமும் போனோம். தோட்டத்தில் கால் வைக்க மாட்டோம் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். வேலை போனால் போகட்டும் என்று அதையும் சொன்னேன்.

பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு நோட்டுகளை நீட்டினார்கள். எது என்றைக்கு முளைத்தது, எதை எந்தப் பூச்சி தின்றது, எல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் அழுக்கு விரல் ரேகை.

அவள் தரையில் உட்கார்ந்து புரட்டினாள். சிரித்தாள். ஒரு நோட்டை முகர்ந்துகூடப் பார்த்தாள். திடீரென்று அப்படியே மூடி வைத்தாள்.

“அப்ப ரெண்டு பள்ளியும் தோட்டத்துலதான் இருந்திருக்கு. எதை எதோட ஒப்பிடுறது டீச்சர்? மூணு வருஷமும் போச்சு.”

அவள் இதைச் சொல்லிவிடக்கூடாதே என்றுதான் நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். தப்பு என்னோடு நின்றால் பரவாயில்லை. இதற்கு மேல் பேசினால் இன்னொருவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். பக்கத்துப் பள்ளி சார் பாடம் நடத்துவதில் கெட்டிக்காரர், வம்புதும்புக்குப் போகாதவர். மண்புழுவைக் கண்டால் மட்டும் பெஞ்சு மேல் ஏறிவிடுவார்.

பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னை மன்னித்துவிடுவார். இந்த முப்பது பேரும் மன்னிக்க மாட்டார்கள்.

“இல்லம்மா. அந்த சார் ஒரு நாள்கூட பிள்ளைங்களை உள்ள விட்டதில்லை. ஜன்னல் வழியா காட்டித்தான் பாடம். நீங்க போய்ப் பாத்து சந்தோஷப்பட்ட பாத்தியெல்லாம் இதுங்க போட்டது.”

அவள் உதடு அசைந்தது. தோட்டத்தில் கிடந்தவர்கள் எண்பத்தொன்று. ஜன்னலில் பார்த்தவர்கள் ஐம்பத்திரண்டு. மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு வாயாடியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். வகுப்பு போட்ட கூச்சலில் தலைமையாசிரியர் எந்த நேரமும் வந்துவிடுவார் என்று நான் கதவைச் சாத்தினேன். எனக்கும் குதிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

ஆனாலும் ஆராய்ச்சிக்காரி ஆராய்ச்சிக்காரிதான். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

“குழுவுல துருவித் துருவிக் கேப்பாங்களே டீச்சர். அந்த சார் தோட்டத்துப் பக்கமே போகலைன்னு நீங்க எப்படி இவ்வளவு அடிச்சுச் சொல்றீங்க?”

“தினமும் அவரோட வெள்ளைச் சட்டையைத் துவைக்கிறவ நான்தாம்மா. மூணு வருஷத்துல ஒரு நாளாவது ஒரு பொட்டு மண் இருந்திருக்கணுமே!”